மணிக்கட்டில் இல்லை

காலை ஐந்து பத்து. கால்வாய் ஓரச் சாலை. ஒரு பக்கம் மூடிப்போன தொழிற்சாலைகளின் பின்சுவர். இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டைச் சுவர், அதற்குக் கீழே தண்ணீர். விளக்குக் கம்பங்களில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரியும். நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது...

அங்கேதான் என் நண்பனின் சித்தப்பா தினமும் நடந்தார்.

இன்னும் யார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். கரண்ட் வருவதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் இது சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற கதை இல்லை. அந்த செல்போன் வெளிச்சம் மட்டும் எரியட்டும். உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியது கிடையாது. போன வருஷம் டிப்போவில் சாவியை வாங்கக் கையை நீட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடி வண்டியைத் தொட வேண்டுமானால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

"முப்பது நாள், தினம் நாப்பது நிமிஷம் நடக்கணும். வாட்ச்சுல பதிவாகணும், நாடித் துடிப்போட. சும்மா வாயால நடந்தேன்னு சொன்னா கையெழுத்து கிடையாது."

வண்டி இல்லாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலது கால் பிரேக்கை மிதிக்கும். மகளைக் கட்டிய மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு ஸ்மார்ட்வாட்ச் கொண்டுவந்து கொடுத்தான். யாரோ போட்டுக் கழற்றியது. ஆனாலும் கீறல் இல்லாமல் புதிதுபோல இருந்தது. ரப்பர் பட்டை.

முதல் நாள் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வீட்டு வாசலில் நின்று பார்த்தார். ஒன்றுமே பதிவாகவில்லை. தூரம், பூஜ்யம். நாடித்துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள். அதற்குக் கீழே ஒரு வரி: மணிக்கட்டில் இல்லை.

இடது கையில்தானே கட்டியிருக்கிறோம்!

மறுநாள் பட்டையை ஒரு துளை இறுக்கினார். அதே வரிதான் வந்தது. மூன்றாம் நாள் இன்னொரு துளை. விரல் நுனி நீலம் பாரித்ததுதான் மிச்சம்.

சித்தி சிரித்தாள். "எந்தக் கடை பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றீங்க? அந்த வாட்ச் உங்களைவிட யோக்கியம்."

நான்காம் நாள் அவளே சிரிப்பதை நிறுத்தினாள். சாப்பிட உட்கார்ந்தவர் பக்கத்தில் குனிந்தவள் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன இது... பூ ஜாடியில பழைய தண்ணி கெடக்கிற மாதிரி?"

சித்தப்பா வாட்சைக் கழற்றினார். கழறும்போது ஒரு சத்தம்... ஈரமான ஸ்டிக்கரை மெல்ல உரிக்கிற சத்தம். அடியில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. வியர்வை என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு சுலபத்தில் போகவில்லை. அன்று அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் பார்த்தால் மறுபடி அதே வழவழப்பு.

செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் இருந்தார். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டிருப்பதால் தெருவில் அவருக்கு ஒத்தக்கண் என்று பெயர். நிதானமான ஆள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறதா... கொடுத்திருக்கிறது. பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி அணைந்திருக்கிறதா... அணைந்திருக்கிறது. போனிலிருந்து பிரித்து மறுபடி சேர்த்தார். அப்டேட் போட்டார். அணைத்து எழுப்பினார். சித்தப்பாவைக் கடைக்கு வெளியே ஐம்பது அடி நடக்கவிட்டார்.

மணிக்கட்டில் இல்லை.

கழற்றிக் கண்ணாடி மேசைமேல் மல்லாக்க வைத்தார். பின்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடித்தது. திரையில் துடிப்பு ஓடியது. நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

"மேசைக்குத் துடிக்குதாப்பா?" என்றார் சித்தப்பா.

"அது சில நேரம் அப்படித்தாண்ணே. வெளிச்சம் எதுல பட்டுத் திரும்பி வந்தாலும் அது ஒரு கணக்குப் போட்டுக் காட்டும்." சொல்லிக்கொண்டே வாட்சைக் கவிழ்த்துவிட்டு, லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இடுக்கியை எடுத்து, அந்தப் பச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் எதையோ நெம்பினார்.

வந்தது. நீள நீளமாக வந்தது. காய்ச்சின பாலில் ஏடு எடுப்பதுபோல, கிழியாமல். வெள்ளையாக, ஊறிப்போய், அரை விரல் அகலத்துக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதில் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கருப்பு முடி.

"கையில ஏதாவது புண்ணாண்ணே?"

சித்தப்பா கையைக் காட்டினார். புண் எதுவும் இல்லை. அவருக்கு மணிக்கட்டில் முடியே கிடையாது.

கடைக்காரர் எழுந்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "இந்த லைட்டு உங்க தோலுக்குள்ள போய் ரத்தம் ஓடறதைப் பார்க்கணும். பார்க்க முடியல. ஏன்னா உங்க தோலுக்கும் இதுக்கும் நடுவுல..." ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மூன்று தடவை துடைத்தார். பஞ்சு மூன்று தடவையும் மஞ்சளாகவே வந்தது. பட்டையையும் மாற்றினார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் பதிவாகிவிட்டது!

நாற்பத்தோரு நிமிடம். தூரம், வேகம், துடிப்பு எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. சித்தப்பா சித்தியை எழுப்பிக் காட்டினார். அன்று வீட்டில் அவர் விசிலடித்தார் என்று நண்பன் சொன்னான். பத்து நாள், பதினைந்து நாள் ஓடின. இன்னும் கொஞ்ச நாளில் கையெழுத்து. இரண்டே இரண்டு விஷயம்தான் அவருக்கு இடித்தது. ஒன்று, வேகுவேகென்று நடந்தாலும் துடிப்பு நாற்பத்து நான்கைத் தாண்டவில்லை. மாத்திரையின் வேலை என்று விட்டுவிட்டார். இன்னொன்று, நாற்றம். அது போகவில்லை.

பதினாறாம் நாள் நண்பன் அவரைப் பார்க்கப் போயிருந்தான். சித்தப்பா பெருமையாகப் போனை நீட்டினார். நடந்த வழியெல்லாம் அதில் வரைபடமாக இருக்கும், சிவப்புக் கோடாக. நண்பன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சித்தப்பா... கோடு ரோட்டுல இல்லையே. தண்ணிக்குள்ள போகுது."

ஜிபிஎஸ் அப்படித்தான், நாலடி முன்னே பின்னே காட்டும் என்றார் அவர். நண்பனும் ஒத்துக்கொண்டான். ஆனாலும் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தான். பதிவான முதல் நாள் கோடு கால்வாயின் நட்டநடுவில். நான்காம் நாள் கொஞ்சம் இந்தப் பக்கம். ஒன்பதாம் நாள் கரைக்குப் பக்கத்தில். பன்னிரண்டாம் நாள் ஓரிடத்தில் சித்தப்பா ஷூ கயிறு கட்டக் குனிந்தது அவருக்கே ஞாபகம் இருந்தது. கோடு அங்கே நிற்கவில்லை. பத்தடி முன்னே போயிருந்தது. திரும்பி வந்திருந்தது. அவர் குனிந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு முடிச்சுப்போலச் சுருண்டு கிடந்தது... யாரோ நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் காத்திருந்ததுபோல.

அன்றைய கோடு, பதினாறாம் நாளுடையது, குட்டைச் சுவர்மேலேயே போயிருந்தது.

"நாளைக்குப் போகாதீங்க" என்றான் நண்பன்.

"பதினாலு நாள்தாண்டா பாக்கி. நடுவுல விட்டா அந்த டாக்டர் மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கச் சொல்வாரு. வீட்டுல கெடந்து நான் செத்துப்போயிடுவேன்."

போனார்.

மூன்றாவது விளக்குக் கம்பம் வரைக்கும் அவர் காலடிச் சத்தம் மட்டும்தான். ஷூ, காய்ந்த தரை. டக், டக். அப்புறம் அதற்கு நடுவில் இன்னொன்று. ஈரத்துணியைத் தரையில் அறைகிற மாதிரி... டக், சளப். டக், சளப். அவர் நின்றார். அது நிற்கவில்லை. இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு, அவருக்கு இடது பக்கத்தில் வந்து நின்றது.

நாற்றம் மூக்கில் இல்லை, நாக்கில் தெரிந்தது என்றார். யாரோ அவர் வாய்க்குள் துருப்பிடித்த ஆணியையும் அழுகிய இலையையும் போட்டு மூடிய மாதிரி. இடது பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. குனிந்து வாட்சைப் பார்த்தார். நூற்று முப்பது. முதல் முறையாக அவருடைய துடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. நாற்பத்து நான்கு. மறுபடி நூற்று முப்பது. நாற்பத்து நான்கு.

மணிக்கட்டைச் சுற்றி எதுவோ மெதுவாக இறுகியது. பட்டை இல்லை. பட்டைக்குக் கீழே.

அவர் பட்டையைப் பிய்த்து இழுத்தார். வாட்ச் வந்தது. வாட்சோடு சேர்ந்து அதுவும் வந்தது. அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே திரும்பி... தொங்கியது. வெள்ளையாக, சுருங்கிப்போய், உள்ளே ஒன்றுமில்லாமல். ஐந்து விரலும் இருந்தன. ஐந்திலும் நகம் இருந்தது. அடியில் அவருடைய தோல் அப்படியே இருந்தது.

வாட்சைப் பிடித்தபடி உதறினார். அது தரையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. வாட்சைத் தண்ணீரில் வீசினார். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. பந்தைப் பிடித்தால் உள்ளங்கையில் ஒரு சத்தம் வருமே, அதுதான் கேட்டது.

எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. குளியலறையில் தரை தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. சித்திதான் பிடுங்கினாள். அவள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. நன்றாக வெளிச்சம் வந்ததும் அவளே அவரை இழுத்துக்கொண்டு போனாள், காட்டுங்கள் பார்க்கலாம் என்று.

சாலையில் ஈரத் திட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு காகம். எதையோ காலால் அமுக்கிக்கொண்டு அலகால் இழுத்தது. அது ரப்பர் மாதிரி நீண்டது... நீண்டது... பட்டென்று அறுந்தது. காகம் விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குக் குனிந்தது.

சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்றைக்கு விட்ட கறியையும் மீனையும் இன்றுவரை அவள் தொடவில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்டார்கள். யாரோ நண்பனுக்கு நண்பன் கொடுத்தான் என்றான். அந்த நண்பனும் அப்படியே சொன்னான். அதற்குமேல் போகவில்லை. வேறு வாட்ச் வந்தது, பெட்டி பிரிக்காதது. சித்தப்பா கால்வாய்ப் பக்கமே போகாமல் மொட்டைமாடியில் முப்பது நாளும் செக்குமாடு மாதிரி சுற்றினார். எல்லாம் ஒழுங்காகப் பதிவாயிற்று. துடிப்பு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து. டாக்டர் கையெழுத்துப் போட்டார். முதல் நாள் சாவியை வாங்கியபோது கண்கலங்கினார் என்று டிப்போவில் இன்னும் கேலி பேசுகிறார்கள்.

ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று.

எட்டாம் நாள், பட்டப்பகல், மதியம் இரண்டு மணி டிரிப். வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தான். சின்ன வயசு, கலகலவென்று பேசுகிறவன். அன்று உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, கடைசி சீட்டுல வந்தாரே, உங்களுக்குத் தெரிஞ்சவரா? தினமும் காலையில உங்ககூடதான் நடப்பேன்னாரு."

சித்தப்பா கண்ணாடியில் பார்த்தார். கடைசி சீட் காலி.

"முகத்தை நான் சரியாப் பார்க்கலண்ணே. கையத்தான் பார்த்தேன். இந்த வெயில்ல, இடது கையில மட்டும் செவப்பா ஒரு கையுறை. சொதசொதன்னு ஈரம். டிக்கெட்டைக் குடுத்தேன்... வெச்ச இடத்துலயே ஒட்டிக்கிச்சு."