யூடோராவின் டிரம்மில் துரு

இது இரும்பே இல்லண்ணே, தகரம்! சுத்தத் தகரம்! எங்கப்பா வாசிச்ச டிரம்மு நாப்பது வருஷம் மழையில காஞ்சு வெயில்ல நனஞ்சுது... சரி, மாத்திச் சொல்லிட்டேன், சிரிக்காதீங்க... அதுல ஒரு பொட்டு துரு உண்டா? இத வாங்கி மூணு வருஷம் ஆகல, பாருங்க, சொறிநாய் முதுகாட்டம்! தட்டிப் பாருங்களேன். கேட்டீங்களா? "டிங்"குனு பாட வேண்டியது "தொப்"புங்குது.

வில்மட் அண்ணே, போர்ட் ஆஃப் ஸ்பெயின்லயே ஸ்டீல் டிரம்முக்கு சுருதி சேக்க உங்கள விட்டா ஆளில்ல. அதான் நேரா இங்க ஓடியாந்தேன். நாளைக்கு ஈஸ்டர் ஒத்திகை ஆரம்பம். ஞாயித்துக்கிழமை எனக்குத் தனி வாசிப்பு! இருபத்திரெண்டு வருஷமா கடைசி வரிசையில நின்னு இப்பத்தாண்ணே கெடச்சிருக்கு. எங்க வாத்தியக் குழு கேப்டன் கிளைட் என்னங்குறான் தெரியுமா? "உன் டிரம்மு சரியில்லன்னா ஹயசிந்த் வாசிக்கட்டும்"ங்குறான். ஹயசிந்தாம்! குச்சியக் கரண்டி மாதிரி பிடிக்கிறவ!

என்னது, தண்ணி பட்டுதாவா?... தண்ணியும் காத்தும் சேந்தாத்தான் துரு, பூச்சுல கீறல் இருந்தா அந்த வழியா உள்ள பூந்துரும்... தெரியும்ணே, நானும் பள்ளிக்கூடம் போனவதான். அதனாலதான காத்தே போகாம பிளாஸ்டிக்ல மூணு சுத்து சுத்தி டேப் ஒட்டி வெச்சேன்! ஆறு வாரமா பிரிக்கவே இல்ல!

சுத்தும்போது ஈரமாவான்னா... லேசா. தொடைக்க எங்க நேரம்? லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.

எந்த லாரியா? அட, பேச்சுக்குச் சொன்னேன்.

ஏன் கவுக்குறீங்க? வேணாம், வேணாம்ணே... அது... மணலு. பக்கத்து வீட்ல கட்டட வேலை. சிப்பியா? ஏன், கட்டட மணல்ல சிப்பி கெடக்காதா? அய்ய, எதுக்கு இப்ப நாக்குல வெச்சுப் பாக்குறீங்க!

சரி. ஆமா. கடல்லதான் முக்கினேன்.

பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? கார்னிவல் போட்டியில ரெண்டே பாயிண்ட்ல தோத்தோம். திருஷ்டிண்ணே, அப்பட்டமான திருஷ்டி! விடிய விடிய அழுதேன். கார்னிவல் முடிஞ்ச மறுநாள், சாம்பல் புதன்கிழமை, ஊரே மராக்காஸ் கடக்கரைக்குப் போயி முங்கி எந்திரிக்குதா இல்லியா? நீங்களும்தான் சுறா மீன் வெச்ச ரொட்டியக் கையில வெச்சுக்கிட்டு இடுப்பு ஆழத்துல நின்னீங்க, நான் பாத்தேன். மனுஷன் பீடை கழுவலாம், நமக்காக அடி வாங்குன டிரம்மு கழுவக் கூடாதா? மனசு கேக்கலண்ணே. மூணு முக்கு முக்கினேன். உப்பு இன்னும் வேகமா அரிக்கும்னு எனக்கென்ன தெரியும்?

திட்டுங்க, நல்லா திட்டுங்க. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமா? ஒரு டிரம்முதான, ஆயிடும்ங்குறீங்களா?...

ஒண்ணுன்னு நான் எப்பண்ணே சொன்னேன்? குழு டிரம்மெல்லாம் வெக்கிற கொட்டகைச் சாவி எங்கிட்டதான இருக்கு. பீடை என்ன எனக்கு மட்டுமா புடிச்சுது, குழுவுக்கேதான? வாசல்ல லாரி நிக்குது, அதுல இன்னும் பதினொண்ணு இருக்கு. ஹயசிந்தோடதும்தான்... கண்ணு வெச்சதே அவதான்னு, அத மட்டும் மணல் போட்டு நல்லாத் தேச்சு...

அண்ணே? எங்கண்ணே போறீங்க? அண்ணே, அந்தச் சுருதிச் சுத்தியலையாவது வெச்சுட்டுப் போங்க, நானே தட்டிப் பாத்துக்குறேன்!