பதின்மூன்றாவது வாழ்த்து

— அதுல உக்காராதீங்க கேப்டன், அந்தப் பீப்பாய்க்கு இன்னும் மூடி போடல.

— இப்பச் சொல்லி என்ன பிரயோஜனம் கெசியா? பாதி ஆளு உள்ள போயாச்சு. கையைக் குடு... மெதுவா... போச்சு, பலகையும் விட்டுப்போச்சு.

— லெவின் நேத்துக் காலைல வளையம் மாட்டினது அது.

— சரி பண்ணித் தந்துடறேன்.

— நீங்க ஊர்ப்படைக் கேப்டன், தொழில்ல சேணம் தைக்கிறவரு. பீப்பாயை எப்படிச் சரி பண்ணுவீங்க?

— முடியாதுதான். என் வாய் எப்பவும் எனக்கு முன்னாடி கிளம்பிடுது. நான் தொப்பியைத் தேடிக்கிட்டுப் பின்னாடியே ஓடறேன்.

— வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

— உன் புருஷன் லெவின் எங்க?

— இதையேதான் கான்ஸ்டபிளும் கேட்டாரு. பரண், அடுப்பங்கரை எல்லாம் கவுத்துப் பார்த்தாரு. கோழிக்கூண்டுக்குள்ளகூட எட்டிப் பார்த்தாரு. ஆறடி ஆளு அங்க முட்டை வச்சுக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சாரோ என்னவோ.

— அப்ப மாட்டலை. அப்பாடா!

— உங்களுக்கு அப்பாடாவா? நேத்து விருந்துல என்ன பேசினீங்க? ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க வாயால கேக்கணும்.

— வேணாம் கெசியா.

— சொல்லுங்க.

— சுதந்திர தின விருந்து, எப்பவும்போல ஊர்க்கோடித் தோப்புல. பதிமூணு வாழ்த்து. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிண்ணம், ஒரு பீரங்கி வெடி. கடைசி வாழ்த்து என்னோடது. போன வருஷம் மிசௌரியில அடிமைங்க இருக்கலாமா கூடாதான்னு வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்டு, நாடே ரெண்டாப் போகப் பார்த்துச்சே, அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதுன்னு மாஜிஸ்திரேட் உத்தரவு. ஏன்னா விருந்தாளி வெர்ஜீனியாக்காரர். குதிரை வாங்க வந்தவர். அவர் மனசு குளிரணும்னு...

— குளிர்ந்துச்சா?

— நான் எழுந்து, "வெர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் ஒரே பீப்பாயோட பலகைங்க!"ன்னேன். ஒரே கைதட்டல். அங்கயே உக்காந்திருக்கணும். உள்ள போன பன்னெண்டு கிண்ணம் உக்கார விட்டாத்தானே?

— அப்புறம்?

— "சந்தேகம்னா எங்க ஊர்ப் பீப்பாயைத் தட்டிப் பாருங்க. அதைச் செய்யற லெவினே வெர்ஜீனியாவுலேர்ந்து நடந்து வந்தவன்தான். காது நுனியை மட்டும் அந்த ஊருக்கு வரியாக் குடுத்துட்டு வந்தான்"னு... எல்லாரும் சிரிச்சாங்க கெசியா.

— அடிமையா இருந்தப்ப எஜமான் அறுத்த அந்தக் காதைப் பத்தி அவரு உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்காரு.

— தெரியும். போன பனிக்காலத்துல, என் பட்டறையில உக்காந்து சொன்னான். விருந்துல சிரிக்காதவர் அந்த வெர்ஜீனியாக்காரர் ஒருத்தர்தான். கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு, "எந்தக் காதுன்னு சொன்னீங்க?"ன்னு மரியாதையாக் கேட்டாரு. நானும் மரியாதையா என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

— தொட்டு வேற காட்டினீங்க.

— மேஜைக்கு அடியிலயே தூங்கிட்டேன். முழிச்சப்பதான் லெவினைப் பிடிக்கத் தேடறாங்கன்னு சேதி தெரிஞ்சுது. மாஜிஸ்திரேட்கிட்ட ஓடினேன். "ஓடி வந்த அடிமையைப் பிடிச்சுட்டுப் போகச் சட்டம் அவங்க பக்கம் இருக்கு. ஒரு பீப்பாய்க்காரனுக்காக நாட்டை உடைக்கணுமாய்யா?"ன்னாரு. பாதிரியாரைக் கேட்டேன். "உன் எண்ணம் நல்லதுதானே, போய்த் தூங்கு"ன்னாரு. தப்பு என்மேலதான்னு ஒருத்தராவது சொல்லுவாங்கன்னு பார்த்தா, தோளைத் தட்டியே அனுப்பறாங்க. நீ சொல்லேன்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோழிக்கு இறகு புடுங்கணும்.

— உன்னை அவங்க தொட முடியாது, நீ சுதந்திரமாப் பிறந்தவ. அவன் நிலைமை அப்படி இல்லையே! எங்க இருக்கான்னு சொல்லு. என் வண்டியில வைக்கோலைப் போட்டு மூடி, ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வர்றேன்.

— வெயில் ஏறுது. தொப்பி இல்லாம வந்துட்டீங்களே.

— நேராப் பதில் சொல்லு கெசியா!

— சத்தம் போடாதீங்க. அதோ, உங்க விருந்தாளி குதிரையில வர்றாரு.

— கேப்டன் கெஸ்லர்! தங்களை இங்கே பார்த்ததில் மகிழ்ச்சி. நேற்றைய வாழ்த்து இன்னும் என் காதிலேயே இருக்கிறது. வடக்கே இப்படி ஒரு சகோதரர் இருக்கிறார் என்றால், இந்த நாடு பிழைத்துக்கொள்ளும்.

— மிஸ்டர் ஹார்வுட், அந்த வாழ்த்தை நான் திருப்பி வாங்கிக்க முடியுமா?

— ஹா! எப்போதும் வேடிக்கைதான் தங்களுக்கு. பாருங்கள், அவன் என் பக்கத்துத் தோட்டத்து முதலாளியின் சொத்து. இது அவருக்கு நான் செய்கிற சின்ன உபகாரம். சொல்லுங்கள் சகோதரரே, எந்தப் பக்கம் போனான்?

— மேற்கே. மலைப்பாதையில. என் கண்ணாலயே பார்த்தேன்.

— வேறு யார் சொன்னாலும் யோசிப்பேன். தங்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று நேற்றே புரிந்துவிட்டது. வருகிறேன். என்றும் இந்த அன்பு இருக்கட்டும்!

— போறாரா?

— மலைப்பாதைக்குத்தான் திரும்பறாரு. கையை ஆட்டறாரு பாருங்க. நீங்களும் ஆட்டுங்க.

— ஆட்டிட்டேன்... கூசுது கெசியா.

— பொய் சொன்னதுக்கா?

— இல்ல. அவர் என்னைச் சகோதரர்னு கூப்பிட்டாரே, அந்த ஒரு வார்த்தையைக் கேக்கறதுக்குத்தான் நேத்து எழுந்து நின்னேன்.

— வழக்கம்போல இதுல சிரிக்க ஒண்ணும் வைக்கலையே நீங்க.

— ஒண்ணும் தோணல. அவர் பாதி வழியில திரும்பி வந்தாலும் வருவாரு. இப்பவாவது சொல்லு, வண்டியைப் பூட்டட்டுமா?

— வண்டி உங்க கொட்டகையில இல்ல.

— என்னது?

— நேத்து நீங்க வாழ்த்துச் சொல்றப்ப, தட்டுல இறைச்சியோட உங்க பின்னாடிதான் நின்னாங்க உங்க சம்சாரம். நீங்க காதைத் தொட்டதும் தட்டை அப்படியே வச்சுட்டு இங்க ஓடி வந்தாங்க. அப்புறம் அவங்களே வண்டியைப் பூட்டி, அவங்களே ஓட்டினாங்க. வாழ்த்தெல்லாம் முடிஞ்சும் பீரங்கியை விடாம வெடிச்சாங்களே, அந்த வெடியில சக்கரச் சத்தம் யாருக்கும் கேக்கல. லெவின் இந்நேரம் ஆத்தைத் தாண்டியிருப்பாரு.

— பார்பராவா? என் பார்பராவா? நீயாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— சொல்லிடறேன்னுதான் சொன்னேன் கேப்டன். அவங்கதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "என் புருஷனுக்கு மட்டும் தெரிய வேணாம், லெவின் பிழைக்கணும்"னாங்க.