தானாகத் திருத்து

விசைப்பலகையை வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துத் தட்ட வேண்டும். யாரும் செய்வதில்லை. ரொட்டித் தூள், முறுக்குத் தூள், ஒருமுறை ஒரு முழுக் கச்சான் கடலைகூட என்னுடையதிலிருந்து விழுந்திருக்கிறது. இப்போது அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டீர்கள். இந்த வாரம் தட்ட முடியாது. பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் புவான், உங்கள் வேலை உங்களுக்கு.

நீங்கள் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் ஒரு சின்னப் பிழை. 'கணினி – இரண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுதான் கணினி. மற்றது வெறும் திரை. எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இரண்டு திரை இல்லாமல் முடியாது. ஒன்றில் எழுதுவது, மற்றதில் பார்த்து எழுதுவது. என் இரண்டாவது திரையில் பெரும்பாலும் செரீனா இருப்பாள். அவள் முகம் இல்லை. அவளுடைய கணினி. அவள் தட்டுவது ஒவ்வொரு எழுத்தாக என் பக்கம் வந்து விழும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

எங்களைப் பற்றிச் சொல்கிறேன். நானும் செரீனாவும் பீடோர்ப் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அது செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடமைப்புத் திட்டமாகி, இப்போது அங்கே காற்பந்துத் திடல் இருக்கிறது. பதினொரு வருடங்களாக ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே அறை எடுத்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தோம். கோயில் மலர், கல்யாண அழைப்பிதழ், இரங்கல் அறிவிப்பு, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, தொலைக்காட்சி நாடகத்துக்கு அடியில் ஓடும் வரிகள். எழுத்து அவளுக்கு வரும். எனக்கு இயந்திரம் வரும். அவளுக்கு மடிக்கணினி வாங்கியது, தமிழ் எழுத்தை ஏற்றியது, மின்னஞ்சல் திறந்தது, கடவுச்சொல் வைத்தது, எல்லாம் நான்தான். பேசினால் தானே எழுதும் மென்பொருளைக்கூடப் போட்டுக் கொடுத்தேன். நம் ஊர்த் தமிழ் அதற்குப் புரியவில்லை. 'வாரேன்லா' என்று சொன்னால் 'வாரணாசி' என்று எழுதியது. அன்று முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் வாரணாசி என்றே கூப்பிட்டுக்கொண்டு சிரித்தோம்.

நாங்கள் நிறையச் சிரித்தவர்கள், புவான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் திருத்தமும் சிரிப்பதற்காகத்தான். எழுதும் மென்பொருளில் 'தானாகத் திருத்து' என்று ஒரு பட்டியல் உண்டு. இந்தச் சொல்லை அடித்தால் அந்தச் சொல்லாக மாற்று என்று சொல்லி வைக்கலாம். அவள் தேநீர் வாங்கப் போன நேரத்தில் அவளுடைய கணினியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'தலைவர்' என்று அடித்தால் 'தலைவலி' என்று விழும். அவள் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தட்டுகிறவள், திரையைப் பார்க்க மாட்டாள். அவள் எழுதியதை நான் பிழை பார்ப்பேன், நான் எழுதியதை அவள் பார்ப்பாள். அதுதான் எங்கள் வழக்கம். அந்தத் தடவை நான் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

கோயில் மலர் அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் 'ஆலயத் தலைவலி திரு. இராமசாமி அவர்களின் வாழ்த்துரை'. நல்ல மனிதர், கோபப்படவில்லை. அவருடைய மனைவி முத்தம்மா, சரியாத்தானே போட்டிருக்காங்க என்றாராம். செரீனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே கண்ணாடிக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"நான்தான் அடிச்சேனா, புனிதா? எனக்கு ஞாபகமே இல்லையே."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள். மனசு இங்கே இல்லை, அதனால்தான் இப்படி ஆகிறது. அவள் பழகிவந்த பாஸ்கல் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார். டிசம்பரில் கல்யாணம். அவருக்குப் பினாங்கில் பள்ளிக்கூட வேலை, அதனால் அவளும் அங்கே போய்விடுவாள். வேலையை அங்கிருந்தே பார்க்கலாம், எல்லாம் இணையத்தில்தானே இருக்கிறது என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்த்துச் சொல்வதற்காக மறுபடி திறந்தேன்.

நான் அவளைப் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது நாகரிகமில்லை. பட்டியலில் மேலும் சில வரிகளைச் சேர்த்தேன், அவ்வளவுதான். 'இன்று' என்றால் 'நேற்று'. 'செவ்வாய்' என்றால் 'வெள்ளி'. ஒரு சொல் மாறினால் யாருக்கும் காயம் படுவதில்லை. பிறகு அவளுடைய நாட்காட்டியை என் திரையிலிருந்தே திறந்து, பத்து மணிச் சந்திப்பைப் பதினொன்றுக்குத் தள்ளி வைத்தேன். அவள் மூச்சிரைக்க லகாட் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கூட்டுறவுச் சங்கத்தார் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்து நாட்காட்டியைப் பார்த்தால் பத்து மணி என்றே இருக்கும். நான் திருத்தியதைத் திரும்பச் சரியாக்கி வைத்துவிடுவேன். எதையும் கெடுத்து விட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

'காலமானார்' என்ற சொல்லில் கைவைத்ததற்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அது 'காரமானார்' என்று விழுந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய இரங்கல் அறிவிப்பு. 'நேற்றுக் காலை தம் இல்லத்தில் அமைதியாகக் காரமானார்.' பத்திரிகையிலும் வந்துவிட்டது. செரீனா அந்த வீட்டுக்கே நேரில் போய், படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். மழை. நான்தான் குடை பிடித்தேன். என் தோள் குலுங்கியதைப் பார்த்து அந்த வீட்டம்மா நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பியதும் செரீனா என்னைக் கேட்டாள், நீ பிழை பார்க்கவில்லையா என்று. பார்த்தேன் என்றேன். திருத்திய வரலாற்றைத் திறந்து காட்டினேன். யார், எந்த நேரத்தில், எந்த எழுத்தைத் தொட்டார்கள் என்று கோப்பு நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு அருமையான வசதி. நான் பத்து நாற்பதுக்குச் சரிசெய்திருந்தேன். பதினொன்று ஐந்துக்கு அதை மறுபடி தப்பாக்கியவர் பெயர் செரீனா. அவளுடைய கணக்கிலிருந்து, என் மேசையிலிருந்து. கணினி பொய் சொல்லாது என்று அவளுக்குப் பல வருடங்களுக்கு முன் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அவள் அந்தப் பெயரை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றாள்.

அவளுடைய அம்மா எல்ஸியை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி மூன்று வருடங்களில் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. செருப்பை அரிசி டின்னுக்குள் வைத்துவிடுவார். மகளைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிக்கொண்டு போனது நான். ஆகவே செரீனா எதற்குப் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். நான் பொய் சொல்ல இங்கே வரவில்லை.

அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதும் நான்தான். இரண்டு வாரம் கழித்து டாக்டரின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அவளுக்கு முன் நான் படித்தேன். எந்தக் குறையும் இல்லை, மனக்கவலைதான், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள், மறுபடி வரத் தேவையில்லை. வறட்டுக் கடிதம், நாலே வரி. அதை அழித்துவிட்டு, அதே தலைப்புத் தாளில், அதே எழுத்துருவில் வேறொன்று தயார்செய்து அவளுடைய பெட்டியில் வைத்தேன். ஆரம்ப அறிகுறிகள் தெரிகின்றன என்று எழுதினேன். 'வாழ்க்கையில் பெரிய மாற்றங்களைத் தவிர்த்து, பழகிய இடத்தில், பழகியவர்களுடன் இருப்பது நலம்' என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. மருத்துவர்களுக்கு அப்படி எழுத வராது.

பாஸ்கலை வேண்டாம் என்று சொன்னது அவளேதான். நோயில் கிடந்த அம்மாவைத் தன் அப்பா சுமந்ததை அவள் பார்த்தவள். இன்னொரு மனிதருக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றாள். எழுதக் கை வரவில்லை, நீ எழுது என்றாள். எழுதினேன். காரணம் சொல்லாத கடிதம், மூன்று முறை திருத்தினேன். திரும்பக் கேள்வி கேட்க முடியாதபடி, ஆனால் கோபமும் வராதபடி. அவள் வாசித்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்று கையெழுத்துப் போட்டாள். பாஸ்கல் நாலு தடவை அறைக்குத் தொலைபேசி செய்தார். நான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. படியேறும்போதே எனக்குப் பாட்டு வரும். செரீனா கார் ஓட்டுவதை விட்டுவிட்டாள், அதனால் காலையில் நான் போய் அழைத்து வருவேன். அவளுடைய வாடிக்கையாளர்களை என்னிடம் ஒப்படைத்தாள். சின்னச் சின்ன வேலைகளை அவளுக்குக் கொடுத்தேன், பிழையில்லாமல் முடித்தால் கைதட்டினேன். எந்த நாளில் பிழை வர வேண்டும் என்பது என் கையில் இருந்ததால் கைதட்டவும் நிறைய வாய்ப்புக் கிடைத்தது. மதியம் தவ் பூ பா என்கிற சோயா இனிப்பு ஒரு கிண்ணம் வாங்கி இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடுவோம். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி இன்னொருத்தியின் கையை அப்படி நம்பிப் பிடித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போன மாதம் நான் பாகான் செராய்க்கு ஒரு நெல் ஆலை முதலாளியைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். அந்த நாளில் பார்த்து அவளுடைய மடிக்கணினியின் பேட்டரி வீங்கிவிட்டது. அடிப்பக்கம் பொரித்த பூரியைப் போல் உப்பிக்கொண்டதாம். அவள் தனியாக அதைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் கேட்டுக் கேட்டு, தேவன் என்பவருடைய பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருக்கிறாள். அவர் பேட்டரியை மாற்றிவிட்டு, எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க 'இன்று' என்று அடித்திருக்கிறார். 'நேற்று' என்று விழுந்திருக்கிறது. மறுபடி அடித்தாலும் நேற்று. பட்டியலைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். முதலில் அவரும் சிரித்தாராம். பிறகு, தினமும் காலையில் அவளுடைய திரையை இன்னொருவருக்குத் திறந்துவிடும் மென்பொருளைக் கண்டார். அதில் என் பெயர் தெளிவாக இருந்தது. நான் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் கடையிலிருந்தே அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசியிருக்கிறாள்.

மறுநாள் காலை அழைக்க வர வேண்டாம் என்றிருந்தாள். பதினொரு மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். செரீனா ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பி, சின்னப் பிள்ளைகள் சுற்றுவதைப் போல அறைக்குள் என்னைச் சுற்றினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, புனிதா. ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். என் தலையில ஒண்ணுமே இல்லையாம்."

தலையில் ஒன்றுமே இல்லை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அவள் பையிலிருந்து தேவன் அச்சிட்டுக் கொடுத்த தாள்களை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். தலைவர், தலைவலி. மகிழ்ச்சி, மறதி. காலமானார், காரமானார். வாசிக்க வாசிக்கக் கண்ணில் நீர் வழிந்தது. மூன்றாவது தாளில் என் பெயர் வந்த இடத்தில் அவள் சிரிப்பு நின்றது. என்னுடையது நிற்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நீதானா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"இருநூத்திப் பன்னெண்டுதான். மத்ததெல்லாம் நீயே தப்பா அடிச்சதுலா."

"பாஸ்கலுக்கு எழுதுன லெட்டர்?"

"அதுல ஒரு பிழையும் இல்ல, செரீனா. நீயே படிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்ட."

பாஸ்கல் ஏப்ரலில் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தன் கைகளைப் பாவாடையில் துடைத்தாள். கம்பியைப் பிடிக்காமல் படியிறங்கிப் போனாள். நேராக உங்களிடம் வந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்டபடி வரிசையாகச் சொல்லிவிட்டேன். அவளுடைய கணினிக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழைந்தது நான். அவளுடைய சொற்களை மாற்றியது நான். டாக்டர் பெயரில் கடிதம் செய்தது நான். நல்ல நிலையில் இருந்த ஒரு பெண்ணைத் தன் மூளை அழுகிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு வருடங்கள் நம்ப வைத்தது நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்தபோது அவள் யாருடைய கையைப் பிடித்தாள் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்ததும் முதலில் யாரிடம் ஓடி வந்தாள் என்பதையும்.

புதுக் கணினி வாங்கிவிட்டாள் என்று உங்கள் காவலர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நல்ல விஷயம். ஆனால் யார் அதில் தமிழ் எழுத்தை ஏற்றிக் கொடுத்தார்களோ, என்ன கடவுச்சொல் வைத்தார்களோ, அதுதான் எனக்குக் கவலை. அவள் யாரையும் சுலபமாக நம்பிவிடுவாள். ஒரு மணி நேரம் விட்டீர்களானால் போய்ச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், புவான்.