உப்புத்தண்ணி ஊசி

நாசரேத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் நான் புத்தகம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் பன்றி வளர்க்கும் ஓர் அம்மாள், பக்கத்திலிருந்த ஆராய்ச்சி மாணவரிடம் கேட்டார்:

“ஏன் தம்பி, என் பன்னிக்கெல்லாம் உப்புத்தண்ணிய ஊசியில ஏத்துனியளாமே?”

“பாதித் தொழுவத்துக்கு அப்படித்தான் அக்கா. மருந்து போட்டதையும் போடாததையும் ஒப்பிட்டுப் பாக்கணும்லா. மருந்துங்கது வைரஸோட ஒரு சின்னத் துண்டு. பெப்டைடும்பாங்க, லேபுல செஞ்சது. அதை வச்சே உடம்பு வைரஸை அடையாளம் கண்டுக்கிடும்.”

“கண்டுக்கிட்டுதா?”

“ஊருக்குள்ள பன்னிக்காய்ச்சல் வந்தும், மருந்து போட்ட தொழுவத்துல ஒண்ணுகூடச் சாகலக்கா. பெரிய வெற்றி!”

“எனக்கு ஆறு செத்துது. மிச்சம் ஒரே ஒரு சினைப்பன்னி. அதுக்காவது அந்தத் துண்டைப் போடுலே.”

“ஆய்வு முடிஞ்சிட்டுக்கா. இனி அரசாங்க அனுமதி வந்தாத்தான் போட முடியும்.”

“அப்ப என் ஆறையும் சாக விடுததுக்கு எவன் அனுமதி குடுத்தான்?”

“நீங்கதான். படிவத்தை வாசிச்சுக் காட்டினேன், கையெழுத்துப் போட்டிய.”

அடுத்து அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“வாசிச்சியே, உப்புத்தண்ணிங்க இடம் வந்தப்ப மட்டும் உனக்கு இருமல் வந்துட்டோ?”