பொம்பளப்புள்ள செய்யுறது எப்படி

இல்ல மிஸ், உங்களப் பாத்து சிரிக்கல. உங்க கேம்ல வர்ற மலைராணியப் பாத்துத்தான் சிரிக்கிறேன். கொழுந்துக் கூடைய ஸ்கூல் பேக் மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு ஓடுறாங்களே, அதுக்கு. எங்க தேயிலத் தோட்டத்துல அப்படி மாட்டிக்கிட்டு நாலு எட்டு வச்சா கொழுந்து பூரா பள்ளத்துல கெடக்கும். கயிறு தலையில வரணும் மிஸ். கூடை முதுகுல தொங்கணும். ஆ, எழுதிக்குங்க. எழுதிக்கிட்டே கேளுங்க, எப்படியும் மழ விடுற வரைக்கும் என் குரல ரெக்கோட் பண்ண ஏலாது. இந்த சயன்ஸ் ரூம் தகரத்துல மழ அடிச்சா நம்ம பேசுறது நமக்கே கேக்காது. எங்க லிந்துலையில மழ தொடங்குனா ஆற அமரத்தான் போகும்.

சிவராசா சேர் என்னயப் பத்தி என்னா சொன்னாரு? எல்லாக் குரலும் வரும்னா? அவரு குரல்லயே சொல்லட்டா. தம்பி, உமக்குப் படிப்பு ஓடாது கண்டீரோ, உந்த வாயை வச்சுத்தான் நீர் பிழைக்கவேணும். அப்படியே இருக்கா? யாழ்ப்பாணத்துலருந்து வந்து எட்டு வருஷமாச்சு, இன்னும் மப்ளர அவுக்கல. போன வருஷம் ஒரு மழ நாள்ல, ஒம்பதாம் ஆண்டு கிளாஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு அவரு குரல்ல லீவு விட்டேன். முப்பத்தெட்டுப் பேரு பேக்கத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் என்ன, ரெண்டு பாடம் முழுக்க முழங்கால்ல நின்னேன். நிக்கிறப்ப அவரே பக்கத்துல வந்து, எங்க, இன்னொருக்காச் சொல்லும்னு கேட்டாரு.

காசப் பத்தி நீங்க சொன்னீங்க. காசு வேணாம் மிஸ். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க லெப்டொப்ல எனக்கு ஒரு வேல செஞ்சு தரணும், அவ்வளவுதான். அம்மா குவைத்துல இருக்காங்க. போயி ரெண்டு வருஷத்துக்கு மேல. இவ்வளவு நாளும் அந்த வீட்டு மேடத்தோட போன்லதான், வெள்ளிக்கிழமையில மட்டும், பத்து நிமிஷம் பேசுவாங்க. இப்ப சொந்தமா போன் வாங்கிட்டாங்க. வர்ற வெள்ளி மொத மொதல்ல வீடியோல வர்றாங்க. அதுக்குத்தான். என்னா வேலைன்னு சொல்றேன், இருங்க. மொதல்ல உங்க வேலய முடிப்போம்.

கேம்ல ஒரு பொம்பள நல்லா அமையணும்னா என்னா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க. ஹட்டன்ல கஜேந்திரன் அண்ணன் கொமினிகேசன் வச்சிருக்காரு, போட்டோ கொப்பி, ரீலோட், உள்ளுக்க அஞ்சு கம்ப்யூட்டர். அங்க வர்ற பயலுகள்ல நான் மட்டும்தான் எப்பவும் பொம்பளயா வெளையாடுவேன். மைக்ல பொம்பளக் குரல்தான். ஒரு நாள் அவனுங்கள்ல ஒருத்தன், கிஷாந்த், மாட்டிக்கிட்டான். கேம்ல சுடுற துவக்கெல்லாம் எனக்கே தூக்கிக் குடுத்துட்டான், மருந்துப் பெட்டி பூரா எனக்கு. கடைசில, இருட்டுதே, நான் வேணும்னா உங்க வீடு வரைக்கும் வரவான்னு கேக்குறான். அடுத்த கதிரையில ஒக்காந்துக்கிட்டு, மிஸ். நடுவுல ஒரு பலகதான். நான் எட்டிப்பாத்து, வாங்கன்னு சொன்னேன். ரெண்டு வாரம் பேசல.

ஆனா அதுல ஒண்ணு பாத்தேன். அவனுங்க நான் பேசுனதக் கேக்கவே இல்ல. தலவலிக்குதுன்னு சொன்னாலும் ஹா சூப்பர்ங்கிறான். கேமுக்குள்ள இருக்கிற பொம்பளைங்களும் அப்படித்தான் இருக்காங்க. கோவப்பட்டா நமக்காகக் கோவம், அழுதா நமக்காக அழுக. நாம வேற பக்கம் போயிட்டோம்னா அப்படியே நிப்பாங்க, அட்ட கடிச்சாக்கூட குனிய மாட்டாங்க. உங்க ராணியும் பயப்படாதீங்க நான் இருக்கேன், பயப்படாதீங்க நான் இருக்கேன்னு எட்டு எடத்துல சொல்றாங்க. எண்ணிட்டேன். எங்க லயத்து வரிச வீடுகள்ல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. பயந்தா, ஏன்டா பயப்புடுற, அறிவிருக்கான்னு ஒண்ணு வைப்பாங்க.

கோவிச்சுக்காதீங்க. நல்லா வரைஞ்சிருக்கீங்க, புருவமெல்லாம் சூப்பர். ஆனா அரைப்பேரு மிஸ். தெரியாதா? மலையில கொழுந்து கொறஞ்சுதுன்னா அன்னிக்கு அரைப்பேருதான் போடுவாங்க. விடியக்காலைலருந்து நின்னவங்கதான், முழுசா நின்னவங்கதான், ஆனா சம்பளக் கணக்கு எழுதுற செக்ரோல்ல பாதி ஆளு. உங்க கேம்ல ஆம்பளைக்கு அப்பா இருக்காரு, எதிரி இருக்கான், தண்ணியக் கண்டா பயம் இருக்கு. இவங்களுக்கு ஒரு கூடை. அதுவும் தோள்ல.

சரி, எப்படிச் செய்யிறது? நான் ஒருத்தவங்க மாதிரி பேசணும்னா மொதல்ல குரலப் புடிக்க மாட்டேன். குரல் லேசு. எங்க கண்டாக்கு ஐயாவ எடுத்துக்குங்க. மலைக்குப் பொறுப்பு அவருதான். அவரு பொய் சொல்றதுக்கு முந்தி ஒருக்கா செருமுவாரு. அது கெடச்சா போதும், மிச்சம் தானா வரும். தலைவரு மாயாண்டி மாமா, யூனியன் தலைவரு, கூட்டத்துல நம்ம உரிமைங்கிற எடத்துல சாரத்தத் தூக்கிக் கட்டுவாரு. அந்தக் கட்டுற சத்தம் வாயில வரணும். பொம்பளைங்க கஷ்டம். அவங்க ஒண்ணச் சொல்லிக்கிட்டே வேற ஒண்ண நெனப்பாங்க. அம்மா போன்ல, அங்க மழையாடாம்பாங்க. மழையப் பத்தியா கேக்குறாங்க? கூர ஒழுகுதான்னு கேக்குறாங்க. ஒழுகுதுன்னு சொன்னா, அப்பா குடிக்கிறாருன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. அத எழுதுனீங்கன்னா முழுப்பேரு.

எங்க கௌசியப் பத்திச் சொல்றேன், உங்களுக்கு உதவும். தங்கச்சி. ரெண்டாம் ஆண்டு. அவ நல்ல புள்ளயே இல்ல, அதத்தான் மொதல்ல எழுதணும். போன்ல மொத மூணு வாரம் அவ ரொம்ப நல்ல புள்ளயாப் பேசுனா. சாப்ட்டேம்மா, படிச்சேம்மா, அண்ணன் அடிக்கலம்மா. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு. புள்ளைக்கு உடம்பு சரியில்லையா, ஏன் அடம் புடிக்காமப் பேசுதுன்னு கேட்டுக் கேட்டு அழுறாங்க. அதுக்கப்பறம் பாத்தா, நாலாவது வாரம் போன எடுத்த ஒடனே கௌசி, நான் ஒன்னோட கோவம், கால்ல போட்டு நடந்தா லைட் எரியிற சப்பாத்து அனுப்புறேன்னு நீ பொய் சொன்னன்னு கத்துனா. அம்மா சிரிச்சாங்க பாருங்க. அப்படி ஒரு சிரிப்பு. மேடம் வந்து என்னான்னு பாத்துட்டுப் போச்சாம்.

அதுலருந்து புடிச்சிக்கிட்டேன். ஒரு புள்ளைக்கு, நம்ம கதைக்குச் சம்பந்தமில்லாம ஒரு ஆச இருக்கணும். இந்த வாரம் சப்பாத்து வேணும்பா, அடுத்த வாரம் சப்பாத்த யாரு கேட்டாம்பா. டீச்சர் நாகலெட்சுமியப் புடிக்காது, ஆனா அவங்க கட்டுற மாதிரியே சீலை கட்டணும். வளரணும் மிஸ். அதான் முக்கியம். உங்க கேம்ல ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் ராணி ஒரே மாதிரி இருக்காங்க. கௌசிக்கு போன வருஷம் று எழுத வராது, இப்ப வரும். பதிமூணாம் வாய்ப்பாடு வராது, வர்றதுக்கு இன்னும் நாளிருக்கு.

அப்பறம் ஒரு நாள், தானாப் பேசுவாங்க. அது எப்படி வருதுன்னு தெரியாது. அம்மா அந்த வீட்டுல ஒரு சின்னப் புள்ளயப் பாத்துக்குறாங்க. ஒரு வெள்ளிக்கிழம அந்தப் புள்ள பின்னால அழுதுச்சு, அம்மா இரு கண்ணு இருன்னாங்க, அதப் பாத்து. இங்க கௌசி மெதுவாக் கேட்டா, அதுக்கும் நீதான் சோறு ஊட்டுறியா. அத யாரும் எழுதிக் குடுக்கல, மிஸ். நெனைக்கவும் இல்ல. வாயத் தொறந்தா அது வந்துச்சு. அப்படி ஒண்ணு உங்க ராணி சொல்லிட்டாங்கன்னு வைங்க, உங்க கேம் பாஸ்.

ஆனா நல்லாச் செஞ்சாலும் வில்லங்கம்தான். அம்மாவுக்குப் போன மாசம் ரெண்டு வருஷ எக்ரீமண்ட் முடிஞ்சுது. வந்துருக்கணும். டிக்கட் போடுற நேரத்துல கௌசி டொக்டராகப் போறேன்னு சொல்லிட்டா. சும்மாதான், அந்த வாரம் பேச ஒண்ணுமில்ல, அதான். அம்மா, அப்போ டவுன் ஸ்கூல்ல போடணும், கிளாஸ் அனுப்பணும்னு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டாங்க. அப்பா அன்னிக்கு என்னய அடிக்கல. இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காந்து செருப்புல இருந்த மண்ணக் குச்சியால நோண்டிக்கிட்டே இருந்தாரு.

என்னா மிஸ்? கூட்டிக்கிட்டு வரவா? கௌசியயா? சின்னப் புள்ளக் குரலும் வேணுமா கேமுக்கு?

அவ இல்ல மிஸ்.

ஊருக்கெல்லாம் போகல. முந்தின வருஷ மழையில எங்க லயத்துக்குப் பின்னால மேடு சரிஞ்சுச்சு. கடைசி ரெண்டு காம்பரா, எங்க ரூமும் அதுல, மண்ணுக்குள்ள போயிருச்சு. அவ தூங்கிக்கிட்டு இருந்தா. இது உங்க கேமுக்கு வேணாம், எழுதாதீங்க.

அன்னிக்கும் வெள்ளிக்கிழமதான். அந்தி நேரம், அவள மண்ணுலருந்து எடுத்து, எல்லாம் முடிஞ்சு ஸ்கூல் ஹோல்ல எங்கள வச்சிருந்தாங்க. போன் அடிச்சுது. அப்பா எடுத்துட்டாரு, பேச வரல. கௌசிகிட்டக் குடுங்கன்னு அம்மா சொல்றது எனக்குக் கேக்குது. தோட்டத்துலருந்து குவைத்துக்குப் போன ஒரு அக்கா, அதோட அப்பா செத்த சேதி கேட்டு மாடிலருந்து குதிச்சிருச்சுன்னு ஒரு கத உண்டு எங்கள்ல. அப்பா போன நீட்டிக்கிட்டே என்னயப் பாத்தாரு. குடுக்கச் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நான் வாங்கி, அம்மான்னேன். அவ குரல்ல. சாப்ட்டியாடின்னாங்க. சாப்ட்டேன்னேன். அந்த ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சோம்.

இப்ப ஒண்ணர வருஷம். தோட்டம் பூரா தெரியும், யாரும் மூச்சு விடல. வெள்ளிக்கிழம ஆனா பக்கத்துக் காம்பராவுல ரேடியோவ நிப்பாட்டிருவாங்க.

அப்பறம் தொண்ட ஒடையுது மிஸ். கேக்குறீங்கதானே, நடுவுல கர்ருங்குது. போன வெள்ளி தடிமன், சளின்னு சொல்லிச் சமாளிச்சேன். அதுக்கு முந்தின வெள்ளியும் தடிமன்தான். அம்மா கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. இன்னும் ஒரு மாசத்துல அவ குரல் எங்கிட்டருந்தும் போயிரும்.

சொல்லணும்தான். நீங்க சொல்றது சரி. அப்பாவும் ரெண்டு தடவ சொல்ல எடுத்தாரு. ஆனா இப்ப சொன்னா மண்ணு சரிஞ்ச அன்னிக்குச் செத்த புள்ளயா அது அம்மாவுக்கு? போன வெள்ளிக்கிழம வரைக்கும் தடிமனோட பேசுன புள்ள. அப்பறம் யாரு குரல்ல சொல்றது மிஸ்? நான் எல்லாரு குரல்லயும் சொல்லிப் பாத்தேன், தனியா, மலைக்குப் போயி. சேர் குரல், தலைவரு குரல், கோயில் ஐயரு குரல். ஒண்ணுலயும் வரல.

கண்ணாடிய ஏன் கழட்டுறீங்க. அழாதீங்க மிஸ், சேர் வந்தா நான் ஏதோ வால்தனம் பண்ணிட்டேன்னு நெனப்பாரு.

வேல இதான். நீங்க கம்ப்யூட்டர்ல மொகம் செய்வீங்கல்ல. ராணிக்கு வாய் அசையுது, கண்ணு மூடித் தொறக்குது. அது மாதிரி கௌசிக்கு ஒண்ணு. ஒரு நிமிஷம் இருந்தாப் போதும், அப்பறம் நான் சிக்னல் இல்லன்னு கட் பண்ணிக்குவேன். நேர்ல மாதிரி வராதுன்னு தெரியும். கொஞ்சம் ஒடஞ்சு ஒடஞ்சு வந்தாலும் பரவால்ல, இங்க லைன் எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.

போட்டோ இந்த ஒண்ணுதான் மிச்சம். ஸ்கூல்ல சேக்குறதுக்கு எடுத்தது. பைலோட ஒபிஸ்ல இருந்ததால தப்பிச்சுச்சு. இதுல ஆறு வயசு. நீங்க ஒண்ணர வருஷம் கூட்டணும். கன்னம் கொஞ்சம் வத்தியிருக்கும், எங்க அப்பா பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். முடி நீளமா வேணாம், பேன் புடிச்சு வெட்டிட்டோம்னு சொல்லியிருக்கேன், காது வரைக்கும் போடுங்க. அப்பறம் பல்லு. மேல முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சுன்னும், அணிலுக்குன்னு கூரையில போட்டோம்னும் அம்மாகிட்ட சொன்னேன். எடது பக்கத்துப் பல்லு இப்ப மொளச்சிக்கிட்டு வருது. அத மட்டும் பாதியாப் போடுங்க, மிஸ்.