முறியாத மரபணு

எனக்கு ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளாது, தொண்டை கட்டிவிடும். அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஏழு வருஷம் இருந்தும் ஒரு கரண்டி வாயில் வைத்ததில்லை. ஊழியர்களுக்கு மாதாமாதம் தரும் டப்பா நேரே தங்கை வீட்டுக்குப் போய்விடும்.

சாக்கடை வாய், ஐஸ்கிரீம் வழியும் இயந்திரத்தின் மூக்கு என்று பல இடங்களைப் பஞ்சால் துடைத்து, அதில் லிஸ்டீரியா வளர்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. குளிரிலும் சாகாத கிருமி அது. பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணியென்றால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து. குடல் சுவரைத் துளைத்து உள்ளே போக அதற்கு ஒரு மரபணு உதவுகிறது. எங்கள் சாக்கடையில் இருந்த கிருமிக்கு அது பாதியில் முறிந்திருந்தது. கண்டுபிடித்தவள் நான்தான். "பல் பிடுங்கின பாம்பு சார்" என்று கூட்டத்தில் சொன்னேன். அன்றிலிருந்து கிருமி தென்பட்டாலும் உற்பத்தியை நிறுத்துவதில்லை, கழுவிவிடுவதோடு சரி. என் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு.

போன மார்ச்சில் கிருமி வளர்ந்திருந்த பத்துத் தட்டுகளைச் சோதித்தேன். ஒன்பது வழக்கம்போல. இயந்திரத்தின் மூக்கிலிருந்து எடுத்த பத்தாவதில் மரபணு முழுசாக இருந்தது. திரும்பவும் பார்த்தேன். முழுசுதான்.

மேனேஜர் கதவருகே வந்து நின்றார்.

"என்னம்மா, நம்ம பாம்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு சார்."

யாரும் என்னை மிரட்டவில்லை. ஆசை காட்டவும் இல்லை. மூன்று வருஷமாகச் சொல்லிவந்ததை அதே கூட்டத்தில் எழுந்து மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. பத்துமே முறிந்தவை என்று எழுதி, அந்தத் தட்டைக் கொதிநீராவியில் போட்டு அழித்தேன்.

உங்கள் விசாரணைக் கோப்பில் எங்கள் ஐஸ்கிரீம் தின்று நோயில் விழுந்த பதினொரு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தியைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஆறாம் மாதம்.

"கொஞ்ச நாளைக்கு ஐஸ்கிரீம் வேண்டாம்டி."

"ஏன்க்கா?"

"சளி பிடிக்கும்."

"நேத்து நீ குடுத்த டப்பா பிரிக்கவே இல்லையே. மாடி வீட்டு அக்காவுக்குக் குடுத்துடவா? அவங்களுக்கு ஐஸ்கிரீம்னா உயிர்."

லைன் போய்விட்டதென்று நினைத்து, "அக்கா, இருக்கியா?" என்றாள்.

"குடுத்துடு" என்றேன்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. பார்க்கப் போனபோது குழந்தையை என் கையில் தரவில்லை. "உனக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

தெரியும். பிள்ளையை இழந்த அந்த மாடி வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம் என்பதும் தெரியும். இருவரும் ஒரே ஆட்டோவில்தான் செக்கப்புக்குப் போய்வந்தார்கள். கொடுக்காதே என்றால் தங்கை மறுபடியும் ஏன் என்று கேட்பாள். அதற்குச் சொல்ல என்னிடம் இன்னொரு பொய் இல்லை.