நாலாவது செட்டும் சேரல

— அண்ணே, இதுவும் சேரலையா?

— ஏன் தங்கச்சி, தையல் மிஷினை விட்டுட்டு சுவருக்கு மேல எட்டிப் பார்க்க உனக்கு எங்கிருந்துதான் நேரம் கிடைக்குதோ!

— நீங்க போட்ட சத்தத்துல ஊசி விரல்ல ஏறப் பார்த்துது. இது எத்தனாவது செட்டு, மூணா?

— நாலு. பிரேக் பேட் நாலு செட்டு வாங்கியாச்சு. சக்கரத்துல பேடைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள்ள ஒண்ணுகூடப் போய் உக்கார மாட்டேங்குது.

— முப்பது வருஷம் நூலகத்துல நம்பர் ஒட்டி ஒட்டி அடுக்கின கை. ஒரு பிரேக் சாமானுக்கு நம்பர் கண்டுபிடிக்க முடியலையாக்கும்!

— குத்திக் காட்டாதே. புஸ்தகம்னா ஒரு நம்பர்தான். இந்தக் கேரவனுக்கு மேல ஒரு வயசு, கீழ ஒரு வயசும்மா. ஆர்.சி. புக்குல இருக்கிறது மேல வீட்டைக் கட்டின வருஷம். கீழ இருக்கிற சேசிஸ், அதான் அடிச்சட்டம், அதைவிட மூணு வருஷம் மூத்தது. அது தெரியாம புக்கைக் காட்டி வாங்கினதுதான் மொத ரெண்டு செட்டும்.

— மூணாவது?

— டிரைவர் சீட்டுக்கு அடியில தகட்டுல இருந்த சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்கினேன். அதுவும் இடிச்சுது. சனியன், நம்பரே வேணாம்னு பழைய பேடைக் கழட்டிக் கொண்டுபோய்க் கடைக்காரன் முன்னாடி வச்சேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நான் திருப்பிக் குடுத்த அதே மூணாவது பெட்டியை எடுத்து நீட்டுறான்! "இதுதான் சார், வேற கிடையாது"ங்கிறான். அதுதான் இந்த நாலாவது செட்டு.

— அட கொடுமையே. சனிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு.

— அதை வேற நீ ஞாபகப்படுத்து. சனிக்கிழமை காலைக்குள்ள வண்டி தானா ஓடித் தெருவை விட்டுப் போகலைன்னா, இழுத்துட்டுப் போய் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்களாம். நகராட்சி நோட்டீஸ் கதவுல ஒட்டியிருக்கு. கடலோரமாவே ஊர் ஊராப் போகலாம்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிச் சொல்லி, வண்டி கடைசியில இரும்புக் கடைக்குப் போகப் போவுது. ஆமா, உண்மையைச் சொல்லு. மனு போட்டது நீதானே?

— நானா? எனக்கு வாய் எதுக்கு இருக்கு? உங்க வண்டி என் ஜன்னலை அடைக்குதுன்னு தினம் ரெண்டு தடவை மூஞ்சிக்கு நேராச் சொல்றேன். காகிதத்துல எழுதிப் போட எனக்கென்ன தலையெழுத்து! அதுக்குள்ள தொங்குற திரை பூராவும் நான் தைச்சது. ரெண்டு வருஷமா நின்ன இடத்துலயே நின்னு வெளுத்துப் போச்சு.

— சரி சரி. வேற எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன்.

— அதை விடுங்க. கடைக்குக் கொண்டுபோன பழைய பேடு எந்தப் பக்கத்துச் சக்கரத்துல கழட்டினது?

— இடது பக்கம். உங்க சுவரை ஒட்டின பக்கம். அந்தச் சந்துக்குள்ள படுத்துக் கழட்டுறப்பதான் முதுகு பிடிச்சிக்கிச்சு.

— இப்ப மாட்டிப் பார்க்குறது?

— வலது பக்கம். இங்கதான் காலை நீட்ட இடம் இருக்கு. நாலையும் இங்கதான் போட்டுப் பார்த்தேன்.

— நாலையுமா? அட அண்ணே! அளவு சட்டை ஒருத்தரோடதைக் குடுத்துட்டு, தைச்சதை வேற ஒருத்தருக்குப் போட்டு விடுறீங்களே!

— முன் சக்கரம்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்மா. உலகத்துல எந்த வண்டிக்கும் அப்படித்தான்.

— உலகம் கிடக்கட்டும். வலது பக்கம் கழட்டின பழசு எங்க? அதையும் இடது பக்கத்துப் பழசையும் இப்படிக் குடுங்க. துணி வெட்டுறப்ப செய்யற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்ப்போம்... பாத்தீங்களா? இடது பக்கத்துப் பேடோட ஓரத்துக் காது ஒரு விரற்கடை கூடுதல் நீளம். அக்கா தங்கச்சிதான், இரட்டைப் பிள்ளைங்க இல்ல.

— அடப் பாவி!

— யாரை?

— எனக்கு முன்னாடி வண்டியை வச்சிருந்தானே, அந்தப் புண்ணியவானை! வேற ஏதோ வண்டியோட காலிப்பரைக் கொண்டுவந்து வலது பக்கம் மாட்டி விட்டிருக்கான். சுவர் மேல இருக்கிற அந்த ஃபோனை எடு, கடைக்குப் பேசுறேன். ஹலோ, தம்பி... ஆமாப்பா, அதே கேரவன்காரன்தான், வச்சுடாதே! திருப்பிக் குடுக்க வரல. ஒரு பக்கம் காலிப்பரே வேறயா இருக்குப்பா... ம்... ம்... பேடை மட்டும் மாத்தக் கூடாதா? பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்குமா? ஐயோ, அதோட கடலோரம் போயிருந்தா கடலுக்குள்ளயே போயிருப்பேன்... சரி, சேசிஸ் நம்பரைக் குறிச்சுக்கோ, அந்த வருஷத்து வலது பக்கக் காலிப்பர் இருக்கா?... இருக்கா! நாளைக்குக் காலையில கடை திறக்கறப்ப வாசல்ல நிப்பேன்... பேடு வேணாம்பா, கையில இருக்கிறதே சரியான பேடுதான்.

— நான் சொல்லலை? இனிமே எனக்கு ஜன்னல்ல வெயில் வரும்.

— என்னங்க, தெருமுனை வரைக்கும் சத்தம் கேக்குது. ஓடுமா, ஓடாதா?

— வாம்மா, வா! ஓடும்! கோளாறு புடிபட்டுடுச்சு. நாளைக்குக் காலிப்பர், சாயங்காலத்துக்குள்ள பிரேக். சனிக்கிழமை அவங்க வர்றப்ப தெரு காலியா இருக்கும். அந்த மனு போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

— கிடைச்சா என்னங்க பண்ணுவீங்க?

— மூஞ்சியில இந்த கிரீஸைப் பூசி விடுவேன். தங்கச்சி, அதான் முடிஞ்சுதே, நீ போய் உன் தையலைப் பாரு.

— இப்பப் போனா எனக்குத் தூக்கம் வராது அண்ணே. அண்ணி ஏதோ சொல்ல வர்றாங்க.

— ரெண்டு வருஷத்துல ரெண்டு செட்டு வாங்கினீங்க. நோட்டீஸ் வந்த பத்து நாள்ல ரெண்டு செட்டு வாங்கி, கோளாறையும் கண்டுபிடிச்சிட்டீங்க. மூஞ்சியைக் காட்டுறேன், பூசுங்க. பூசி முடிச்சிட்டு, கட்டி வச்சிருக்கிற பெட்டியில எதை மொதல்ல ஏத்தட்டும்னு சொல்லுங்க.